கடுக்காய் மரத்தடியில் கட்டின தாலி

1924 பிப்ரவரி 5, செவ்வாய்

காலையில் பாலாற்று ஊற்றுக்குத் தண்ணிக்குப் போனேன். வீட்டுக்கு வந்து இறக்கும்போதுதான் பார்த்தேன், இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று, இரண்டு குடம் கொண்டு வந்திருக்கிறேன். இனிமேல் ஒரு குடம் போதும். அந்த இன்னொரு குடத்தை இன்னா பண்றதுன்னு தெரியாமல் வாசலிலேயே நின்றேன். அவர் தோல் பதனிடுகிற ஷாப்பிலிருந்து வந்தால் கைகால் கழுவவே ஒரு குடம் ஆகும். கழுவினாலும் சுண்ணாம்பு நாத்தம் போகாது. "நாத்தம் என்கூடப் பொறந்தது, நீ என்கூட ஓடியாந்தவ. ரெண்டு பேரும் ஒத்துமையா இருங்க" என்பார்.

இந்த நோட்டுப் புஸ்தகம் அவர் வாங்கினது. எங்க அண்ணன் சாமுவேலுக்குக் காயிதம் எழுதச் சொல்லி நாலு வருசத்துக்கு முன்னால் ஆம்பூர் சந்தையில் வாங்கி வந்தார். முதல் பக்கத்தில் "அன்புள்ள அண்ணனுக்கு" என்று இருக்கிறது. அதுக்கு மேல் எழுத வரவில்லை. அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் மூணாங் கிளாஸ் வரைக்கும்தான். தப்பு இருக்கும். யார் பார்க்கப் போறாங்க.

அவர் போய் இன்றோடு ஐந்து நாள்.

பிப்ரவரி 6, புதன்

பக்கத்து வீட்டு கமலம் களி கொண்டு வந்து வைத்தாள். "சாப்டு சவுரி. அழுவறதுக்கும் தெம்பு வேணும்ல" என்றாள். சாப்பிட்டேன். அழுகை வரவில்லை. அன்றைக்கிலிருந்தே வரவில்லை.

சின்னக் கீறல். தோலில் சதை வழிக்கிற கத்தி இடது கைக் கட்டைவிரலில் பட்டது. துணி சுற்றிக்கொண்டு அடுத்த நாளும் வேலைக்குப் போனார். மூன்றாம் நாள் முழங்கை வரைக்கும் வீக்கம். நாலாம் நாள் தோள் வரைக்கும். காய்ச்சலில் கூரையைப் பார்த்து, "கடுக்காய் விழுது பாரு சவுரி" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பேச்சு.

அதுக்கப்புறம் நடந்ததை எழுதணும். எழுதினால்தான் நெஞ்சில் இருந்து இறங்கும்.

அவர் அம்மா ரங்கம்மாளும், அவங்க ஜனத்துப் பெரியவர் ஒருத்தரும் வந்து உடம்பை அவங்க வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். வாசலில் ஒரு வாழைக்கன்று நட்டிருந்தார்கள். எனக்கு முதலில் புரியவில்லை. கல்யாணம் ஆகாத ஆம்பளை செத்தால் வாழைக்கன்றுக்குத் தாலி கட்டவைத்துத்தான் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கு ஏன் நட்டிருக்கிறார்கள்?

அவர் கையைப் பிடித்தார்கள். அந்த வீங்கின கையை. வாழைக்கன்றைச் சுற்றி மஞ்சள் கயிறு. அவர் விரலைப் பிடித்து முடிச்சுப் போட்டார்கள். நான் கத்தினேன் - இன்னா பண்றீங்க, நான் இங்க இருக்கறேனே, பதினாலு வருசமா இருக்கறேனே! யாரும் என் பக்கம் திரும்பலை. ரங்கம்மாள் மட்டும், "என் புள்ள கண்ணாலம் ஆவாதவன்" என்று கூட்டத்துக்குச் சொன்னாங்க. எனக்குச் சொல்லலை.

அப்புறம் அந்தக் கயிறை அறுத்து, கன்றை வெட்டிப் போட்டார்கள்.

வாழைக்கன்றுக்குத் தாலி அறுத்தார்கள். எனக்கு அறுக்கவில்லை.

பிப்ரவரி 8

தோல் பதப்படுத்துகிற ஆவாரம்பட்டையை இடிக்க ஷாப்புக்குப் போனேன். உலக்கை கை தவறிக் காலில் விழுந்தது. வலிக்கலை.

பிப்ரவரி 10, ஞாயிறு

அண்ணன் வந்தான்!

நான் ஓடிப்போன நாளிலிருந்து இந்தப் பக்கமே வராதவன். குடியாத்தத்தில் ரயில்ரோட்டு வேலை. தலை எல்லாம் நரைத்துவிட்டது. அப்பா சாயல் வந்துவிட்டது. வாசலுக்கு வெளியே நின்று "சவுரி" என்றான். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் பத்து வயசு ஆகிவிட்டது.

"உள்ள வாண்ணா."

"இல்ல. இங்கயே நிக்கறேன்."

 பிறகு, "அம்மா சாவறப்ப உன்னத்தான் கேட்டுச்சு" என்றான். எனக்குச் சேதி சொல்லலியேன்னு கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

"கேளு சவுரி. கோயில் சாமியார்கிட்ட பேசிட்டேன். நீ பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா போதும். அவன்கூட இருந்தது கல்யாணம் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்ளோதான். அவங்க வீட்லயே அப்படித்தானே சொல்றாங்க? உனக்கு இன்னா நஷ்டம்? நாப்பது நாள் தபசு காலம் வர்றதுக்குள்ள நீ பூசையில நன்மை அப்பம் வாங்கலாம். எங்க வீட்ல உனக்கு ஒரு பாய் இருக்குது."

அவன் திட்டுவான் என்று பதினாலு வருசமாகப் பயந்திருந்தேன். இப்படிப் பேசுவான் என்று நினைக்கவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"சாப்ட்டியாண்ணா?"

"யோசிச்சு சொல்லு. அடுத்த ஞாயிறு பூசைக்கு வா. நான் வாசல்ல நிப்பேன்."

தண்ணிகூடக் குடிக்காமல் போனான்.

பிப்ரவரி 11, திங்கள்

சொன்னால் இன்னா?

அவர்தான் போய்விட்டாரே. ஒரு வார்த்தை அவரை இன்னா பண்ணிடும். அவங்க அம்மா சொல்றாங்க அது கல்யாணம் இல்லன்னு. சாமியார் சொல்றார் இல்லன்னு. நான் ஒருத்திதான் ஆமாம்னு பிடித்துக்கொண்டு இருக்கிறேன். பூசையில் முழங்கால் போட்டு எத்தனை வருசம். அந்த மெழுகுவத்தி வாசனை. மணி அடிக்கும்போது எல்லார் தலையும் ஒரே மாதிரி குனியும் - அதில் என் தலையும் ஒன்றாக இருக்கணும்னு ஆசைப்படாத ஞாயிறு கிடையாது.

ஒரு தரம் அவரிடம் கேட்டேன், "ஊர் வாயை மூடறதுக்கு எங்கயாவது ஒரு கோயில்ல இன்னொரு தரம் கட்டேன்யா" என்று. "கட்டின தாலியை யாராவது ரெண்டாந்தரம் கட்டுவாங்களா? அப்ப மொதல்ல கட்டினது இன்னாவாம்?" என்று கோபப்பட்டார். அவர் கோபப்பட்டது எண்ணி நாலு தடவை. அதில் ஒன்று அது.

காட்டில் அவர் எனக்குத் தாலி கட்டின அன்றைக்குக் கூட இருந்தவர்களில் ஹலீமா பீ அம்மா ஒருத்தராவது வந்து நின்றால் போதும். பேரணாம்பட்டுக்குக் கடுக்காய் ஏற்றப் போகிற வண்டிக்காரர் அஹமது பாஷாவிடம் சேதி சொல்லி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள் காரியம், தாலி வாங்குகிற நாள். அதுக்குள்ள வரணும்.

பிப்ரவரி 13, புதன்

அன்றைக்கு நடந்ததை எழுதி வைக்கிறேன். மூன்று பேர் அது கல்யாணம் இல்லை என்கிறார்கள் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடக் கூடாது.

மாசி மாசம். எனக்குப் பத்தொன்பது. நான் ஷாப்பில் பட்டை இடிப்பேன், அவர் தோல் கட்டு சுமப்பார். அவர் காளி கும்பிடுகிற வீடு, நான் சிலுவை போடுகிற வேதக்காரி. அண்ணன் எனக்கு வேறு இடம் பேசி முடித்திருந்தான். ஞாயிறு பூசைக்குப் போகிறேன் என்று கிளம்பினவள் பாலாற்றைத் தாண்டி அவரோடு பேரணாம்பட்டுக் காட்டுக்குப் போய்விட்டேன். அங்கே கடுக்காய் பொறுக்குகிற ஆட்கள் இருப்பார்கள், கூட்டத்தோடு கூட்டமாக இருக்கலாம் என்று அவர் நினைப்பு.

நடந்து நடந்து உச்சி வேளை ஆகிவிட்டது. ஒரு பெரிய கடுக்காய் மரத்தின் பின்னால் ஒளிந்து நின்றோம். கையில் கரண்டியோடு ஒரு அம்மா வந்து எட்டிப் பார்த்தாங்க. அதுதான் ஹலீமா பீ. அவங்க வீட்டுக்காரர் அப்துல் வஹாப் சாயபு அந்தக் காட்டில் கடுக்காய் குத்தகை எடுத்திருந்தார். அன்றைக்கு ஞாயிறு, பொறுக்குகிற ஆட்கள் யாரும் வரவில்லை. அவங்க இரண்டு பேரும்தான்.

"ஓடியாந்தீங்களா?"

நான் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"ஓடியாந்ததைக் கேக்கல. சாப்ட்டு ஓடியாந்தீங்களா, சாப்டாம ஓடியாந்தீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சோறு போட்டாங்க. கழுத்தைப் பார்த்தாங்க. "இன்னும் கட்டலியா? அப்ப கட்டிட்டு அப்புறம் எங்க வேணா போங்க. கட்டாத பொண்ணை நான் அனுப்பமாட்டேன்" என்றாங்க. அவர் மடியிலிருந்து மஞ்சள் கயிறை எடுத்தார். ஆற்றில் நனைந்து, வேர்வையில் ஊறி, மஞ்சளே இல்லை, வெறும் வெள்ளை நூல். அம்மா சமையல் மூட்டையிலிருந்து மஞ்சளை எடுத்து அரைத்துக் கயிறில் பூசினாங்க. ஒரு மஞ்சள் கிழங்கையும் கட்டினாங்க. அப்புறமும் மனசு ஆறாமல், "வெறும் கயிறு பொண்ணு கழுத்துல ஏறக்கூடாது" என்று தன் கழுத்துக் கருகமணிச் சரத்தை அவிழ்த்து மூன்று மணியை உருவிக் கோத்தாங்க. அது அவங்க நிக்காஹ்வில் சாயபு வீட்டார் போட்டது.

"பொறந்த வீடு யாரு?" என்றாங்க.

"யாரும் இல்லம்மா."

"சரி. நான்தான்."

சாயபு வண்டி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டு இருந்தார். "எங்க வழக்கத்துல ரெண்டு சாட்சி வேணுமே" என்றார். "நீங்க ஒண்ணு, அந்த மாடு ஒண்ணு. ரெண்டுல மாட்டுக்குத்தான் புத்தி ஜாஸ்தி" என்றாங்க அம்மா. சாயபு குனிந்து குனிந்து சிரித்தார்.

அம்மா பின்னால் நின்று என் முடியைத் தூக்கிப் பிடித்தாங்க. அவருக்குக் கை நடுங்கியது. முடிச்சு விழவே இல்லை. ஐம்பது தோலை ஒரே கட்டாகக் கட்டுகிற கை. "தோல் கட்ட வருது, நூல் கட்ட வரலியா" என்று அம்மா திட்டினாங்க. மூன்றாவது முடிச்சு போடும்போது மேலே இருந்து ஒரு கடுக்காய் அவர் தலையில் 'டொக்'கென்று விழுந்தது. அப்புறம் காற்று அடித்து நாலைந்து சேர்ந்து விழுந்தது.

"அட்சதை போட ஆள் இல்லன்னு மரமே போடுதுடா" என்றார் சாயபு.

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் மரத்தைக் கும்பிட்டார். சாயபு இரண்டு கையையும் ஏந்தி ஏதோ ஓதினார். மாடு மென்றுகொண்டே இருந்தது.

ஒன்பது நாள் அந்த மரத்தடியில் ஓலைக் கீற்றுக் கட்டி இருந்தோம். பகலெல்லாம் கடுக்காய் பொறுக்கினோம். காய் கீழே விழும் சத்தம் கேட்டால் போதும், அவர் எந்த மூலையில் இருந்தாலும் திரும்பி என்னைப் பார்ப்பார்.

இது கல்யாணம் இல்லை என்றால் எனக்கு வேற ஒன்றும் தெரியாது.

பிப்ரவரி 15, வெள்ளி

விடியும் முன் தலைக்கு ஊற்றி, பூ வைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். அவங்க ஜனம் எல்லாம் இருந்தது. ரங்கம்மாள் முன்னால் போய் நின்றேன்.

"அத்தே, எனக்கும் செய்ங்க. தாலியை எடுங்க."

"யாருக்கு யாரு அத்தை?"

எந்தப் பொம்பளையும் இந்த வரம் கேட்டிருக்கமாட்டாள். என் தாலியை அறுங்கள் என்று கையேந்தி நின்றேன். அவங்க என் கழுத்துக் கயிறை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தாங்க. "இதுல சாயபுமாருங்க மணி. போட்டிருக்கறவ வேதக்காரி. காட்ல கட்ன கயிறு. மாட்டுக்குந்தான் கட்றோம்." யாரோ சிரித்தார்கள். "சரி, பொண்ணுன்னே வச்சிக்கலாம். பொறந்த வீட்டுக் கோடி எங்க? அண்ணன் தம்பி கோடித் துணி போடாம எவளுக்குத் தாலி வாங்கியிருக்கறோம்? கோடி போட ஒரு ஆளைக் கூட்டியா, அப்புறம் பேசு."

நான் பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஹலீமா அம்மா வரவில்லை.

திரும்பும்போது பார்த்தேன். ரங்கம்மாள் ஒரு பக்கமாகப் போய், இடுப்பில் சொருகியிருந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்து மோந்தாங்க. அவருடைய ஷாப்புத் துண்டு. கழுவவே இல்லை. அதுக்கு மேல் அவங்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் அஹமது பாஷா வந்தார். "வஹாப் சாயபு போன மாசம் பதினேழாம் தேதி மவுத்தாய்ட்டார்மா. அம்மா இத்தாவுல, புருசன் துக்கத்துல இருக்காங்க. நாலு மாசம் பத்து நாள் வாசப்படி தாண்டக்கூடாது. நீ சொன்னதைச் சொன்னேன். ஒரே அழுகை."

பிப்ரவரி 17, ஞாயிறு

கோயில் மணி கேட்டது. அண்ணன் வாசலில் நின்றிருப்பான். நான் போகவில்லை.

பிப்ரவரி 23, சனி. பேரணாம்பட்டு

வண்டியில் வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்தது ஹலீமா அம்மாவின் மருமகள் முனவ்வர் பேகம். "மாமி யாரையும் பாக்கறதில்ல." "நான் பொம்பளைதானேம்மா" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே விட்டுச்சு.

உள் அறை. வெள்ளைத் துணி. ஹலீமா அம்மா பாதியாகிவிட்டாங்க. என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை.

"சாப்ட்டு வந்தியா, சாப்டாம வந்தியா?"

அப்போதுதான் வந்தது. இருபத்து மூன்று நாளாக வராத அழுகை. அவங்க மடியில் விழுந்து, எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவங்களும் அழுதாங்க. முனவ்வர் சொம்பில் தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றுச்சு.

வாழைக்கன்றைப் பற்றிச் சொன்னேன்.  அம்மா என் கழுத்தில் மூன்று மணியைத் தடவினாங்க. அவங்க கழுத்து மொட்டையாக இருந்தது.

"என் சரத்தை அன்னிக்கே எடுத்துட்டேன். அவரு போட்டதுல மிச்சம் இந்த மூணுதான். உன்கிட்ட இருக்குது."

"எடுத்துடுங்கம்மா. நீங்க கோத்தது. நீங்களே எடுங்க."

"எடுப்பேன். அதுக்கு ஒரு நாள் இருக்குது. அவன் எந்தத் தேதி?"

"ஜனவரி முப்பத்தொண்ணு."

மூலையில் ஒரு பானை இருந்தது. தன் இத்தாவுக்கு ஒரு நாளுக்கு ஒரு கடுக்காய் போட்டு எண்ணுகிறாங்க. முனவ்வரிடம் இன்னொரு பானை கேட்டாங்க. அதில் ஒவ்வொன்றாக இருபத்து மூன்று கடுக்காய் போட்டாங்க. ஒவ்வொன்றும் விழும்போது எனக்கு அவர் கூரையைப் பார்த்தது ஞாபகம் வந்தது.

"நான் உங்க மார்க்கம் இல்லியேம்மா."

"அது எனக்குத் தெரியாதா? உன்னை ஓதச் சொல்லலடி. இருன்னு சொல்றேன். புருசன் போனவ எப்படி இருப்பாளோ அப்படி இரு. யாரு இல்லன்னு சொல்றாங்கன்னு பாக்கறேன்."

மார்ச் 6, வியாழன்

நேற்று விபூதிப் புதன். கோயில் இல்லை. அடுப்புச் சாம்பலை எடுத்து நானே நெற்றியில் வைத்துக்கொண்டேன். முனவ்வர் பார்த்துவிட்டுச்சு.

"நெத்தியில இன்னா கரி?" விவரம் சொன்னேன். "அல்லா! ஒரே வீட்ல ரெண்டு இத்தா. ஒண்ணு ஓதுது, ஒண்ணு சிலுவை போடுது. வெளிய சொன்னா என்னைப் பைத்தியம்பாங்க."

"ரெண்டு பேருக்கும் நீதானே சோறு போடற?" என்றாங்க அம்மா. "உனக்கு அல்லா தர்ற சவாபும் ரெண்டு மடங்கு. பேஜார் பண்ணாம கறியை இறக்கு, தீயுது."

நான் அரிசி புடைக்கிறேன், மிளகாய் இடிக்கிறேன். அறையை விட்டுக் கொல்லை வரைக்கும்தான்.

மார்ச் 19

இன்று அவர் முகம் சட்டென்று ஞாபகம் வரவில்லை. பயந்துவிட்டேன். பிறகு நகம் ஞாபகம் வந்தது, ஆவாரம்பட்டைக் கறை ஏறின நகம். நகத்திலிருந்து முகம் வந்தது.

ஏப்ரல் 9, புதன்

இவங்களுக்கு நோன்பு தொடங்கிவிட்டது. எங்களுக்குத் தபசு காலம். சாயங்காலம் பாங்கு சொன்னதும் அம்மா பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு கஞ்சியை என் பக்கம் தள்ளினாங்க.

"சாயபு நோன்பு தொறக்கறப்ப மொத வாய் மாட்டுக்குக் குடுப்பாரு. சாட்சி ஆச்சேன்னுவாரு" என்றாங்க. எங்களைப் பற்றி அத்தனை வருசமும் பேசியிருக்கிறார்கள்! எனக்குத் தெரியாது.

எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டதை அம்மாவிடம் சொன்னேன். அவரைத் தவிர வேறு யாரிடமும் அதை நான் பேசினதில்லை.

ஏப்ரல் 18

பெரிய வெள்ளி. அவங்களும் பட்டினி, நானும் பட்டினி. பகல் முழுக்க அடுப்பு எரியவில்லை. பூனை மட்டும் கத்திக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

அண்ணன் தேடிக்கொண்டு வந்துவிட்டான். நேற்று பாஸ்கா, உயிர்த்த ஞாயிறு. கையில் ஒரு பொட்டலம் பலகாரம்.

நடையில் உட்கார்ந்தான். அம்மா அயல் ஆம்பளை முகம் பார்க்கக் கூடாது, திரைக்குப் பின்னால் இருந்தாங்க.

"உன்னை மதம் மாத்திட்டாங்களா?" என்றான்.

"இல்லண்ணா. துக்கம் இருக்கேன்."

"யாருக்கு? அந்தாளுக்கா?"

திரைக்குப் பின்னாலிருந்து அம்மா: "தம்பி, உன் மூஞ்சை நான் பாக்கக்கூடாது. குரல் நல்லாத்தான் இருக்குது. புத்தி எப்படின்னு தெரியல."

அண்ணன் திடுக்கிட்டான்.

"அன்னிக்கு உன் தங்கச்சிக்குப் பின்னால நின்னு முடியைத் தூக்கிப் புடிச்சவ நான். அது நீ நிக்க வேண்டிய எடம். அண்ணன் ஒருத்தன் இருக்கான்னு அது சொல்லல. சொல்லியிருந்தா வண்டி அனுப்பிக் கூட்டியாந்திருப்பேன். சோறு நெறைய இருந்துச்சு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாக, "ஒரு வார்த்தைதானே சவுரி. அதை மட்டும் சொல்லிட்டா நீ வீட்டுக்கு வந்துடலாம்" என்றான்.

"அண்ணா, உனக்கு அது ஒரு வார்த்தை. எனக்கு அது பதினாலு வருசம். எனக்கு வீட்டுக்கு வர ஆசைதான். பூசைக்கு ஆசைதான். ஆனா அதைச் சொல்லிட்டு வந்தா, அங்க வந்து உக்கார்றது நான் இல்ல, வேற எவளோ."

 

நடை ஓரமாகக் கொண்டுவந்து வைத்திருந்த இரண்டு பானையையும் அண்ணன் பார்த்தான். எதுக்கு என்று கேட்டான். சொன்னேன். என் பானையிலிருந்து ஒரு கடுக்காயை எடுத்துக் கையில் உருட்டிவிட்டு, பத்திரமாகத் திரும்ப உள்ளேயே போட்டான்.

இந்த நோட்டின் முதல் பக்கத்தைக் கிழித்து அவனிடம் கொடுத்தேன். "அன்புள்ள அண்ணனுக்கு." அவ்வளவுதான் இருக்கு, மீதி எழுத வரலை என்றேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

தெருவில் இறங்கிப் போனவன் திரும்பி வந்து, "அந்த மரம் இன்னும் இருக்குதா?" என்று கேட்டான். தெரியாது என்றேன்.

"இருக்குது தம்பி" என்றாங்க திரைக்குள்ளிருந்து.

மே 25, ஞாயிறு

அம்மாவின் பானை நிறைந்துவிட்டது. இத்தா முடிந்தது. குளித்து, வேறு துணி உடுத்தி, வாசப்படி வரைக்கும் போய் நின்றாங்க. தெருவை இந்தப் பக்கம் பார்த்தாங்க, அந்தப் பக்கம் பார்த்தாங்க. திரும்பி வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாங்க.

"எங்க போறதுன்னு தெரியலடி. எங்க போனாலும் வண்டி பூட்டறவரு அவருதான்."

கொஞ்ச நேரம் கழித்து, "உன்னுது இன்னும் பதினாலு இருக்குது. முடியட்டும். கூடவே இருக்கேன்" என்றாங்க.

ஜூன் 8, ஞாயிறு

இன்று காலை கடைசிக் கடுக்காயை நானே போட்டேன்.

அம்மா என்னைக் குளிக்க வைத்தாங்க. முடியை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் உட்கார்ந்தாங்க, அன்றைக்கு நின்ற அதே பக்கம். அறுக்கமாட்டேன், அவிழ்ப்பேன் என்றாங்க. முடிச்சு அவிழவே இல்லை. ஊசியை விட்டு நெம்பி நெம்பிப் பார்த்தாங்க. கயிறை வருசா வருசம் மாற்றும்போதெல்லாம் அவர்தான் முடிச்சுப் போடுவார், அப்போதும் கை நடுங்கத்தான் செய்யும்.

"முடிச்சுப் போட வராதுன்னு திட்டினேனே" என்றாங்க. "எப்படி நிக்குது பாரு."

முனவ்வர் வந்து குனிந்து, பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்துக் கொடுத்துச்சு. கொடுத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டுச்சு.

கழுத்து லேசாக இருந்தது. கை அடிக்கடி அங்கே போய்ப் போய் வந்தது.

மூன்று மணியையும் அம்மா உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாங்க. "ஒண்ணு எனக்கு. ஒண்ணு உனக்கு. ஒண்ணு மரத்துக்கு."

ஜூன் 10, செவ்வாய்

அண்ணன் வந்தான். நடையில் நிற்கவில்லை, உள்ளே வந்தான். கையில் காகிதத்தில் சுற்றின துணி. வெள்ளைப் புடவை, கஞ்சி மடிப்பு உடையாத கோடி.

நான் அதைத் தொடவில்லை. அவன் முகத்தையே பார்த்தேன்.

"நாளு தப்பிப் போச்சா? ஞாயித்துக்கிழமை லீவு கெடைக்கல" என்றான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "கடையில வெள்ளை கேட்டேன். யாருக்குன்னான். என் தங்கச்சிக்கு, மச்சான் தவறிட்டாருன்னேன்."

அம்மா தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனாங்க. "முனவ்வர், அண்ணன் வந்திருக்கு. சோறு ஜாஸ்தி வை" என்று சத்தம் கேட்டது.

அவன் புடவையை விரித்து என் தோளில் போட்டான். ரொம்ப நேரம் என் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"சாமியார் இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"நான் கேக்கல."

ஜூன் 12, வியாழன்

அஹமது பாஷா வண்டி. அம்மா, நான், அண்ணன் மூன்று பேரும். இரண்டு பானைக் கடுக்காயையும் ஏற்றிக்கொண்டோம். அடுத்த மாசத்திலிருந்து அம்மாவின் கிடங்கில் கடுக்காய் தரம் பிரிக்க என்னையும் வரச் சொல்லியிருக்கிறாங்க. அண்ணன் வாரா வாரம் வருவதாகச் சொல்கிறான்.

முந்தாநாள் மழை பெய்து காடு ஈரமாக இருந்தது. எனக்குப் பாதை மறந்துவிட்டது. அம்மாவுக்கு மறக்கவில்லை. மரம் நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது. அடிமரத்தில் பட்டை உரித்த வடு. ஆனால் அந்த வளைவு அதேதான், அவர் துண்டு மாட்டுகிற கிளையும் அதேதான்.

"எந்த எடம்?" என்றான் அண்ணன்.

"இங்க நான். இங்க அவரு. அதோ அங்க மாடு."

வேரடியில் பள்ளம் தோண்டி, கயிறும் மஞ்சள் கிழங்கும் ஒரு மணியும் வைத்து மூடினேன். கடுக்காயை மரத்தைச் சுற்றிக் கொட்டினோம். முளைத்தால் முளைக்கட்டும். அம்மா கை ஏந்தினாங்க. நான் சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தேன், அண்ணன் இன்னும் வண்டிப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

குனிந்து செருப்பைக் கழற்றினான். வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓரமாக, ஜோடி சேர்த்து வைத்தான். தலைப்பாகையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி, மரத்தடிக்கு வந்து என் பக்கத்தில் முழங்கால் போட்டான்.